புஜைராவில் ஒரு சிவப்பு ரயில்பஸ்

2006 டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, பொம்மை ரயில் வாங்குவதற்காக ஷார்ஜாவிலிருந்து புஜைரா போய் வந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஐம்பதுகளில் ஜெர்மனியின் கிளைப் பாதைகளில் ஓடிய சிவப்பு டீசல் ரயில்பஸ் அது. பஸ்ஸைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தது போல இருக்கும். அதன் மாடல் செட்டை இன்டர்நெட் சென்டரில் படமாகப் பார்த்தே ஏங்கிக்கொண்டிருந்தவன் நான். புஜைராவில் ஒரு பழைய சாமான் கடையில் அது இருப்பதாக ரூம்மேட் முருகன் சொன்னதும் கால் தரையில் நிற்கவில்லை.

ஷேர் டாக்சிக்கு இருபத்தைந்து திர்ஹாம், தூரம் ஏறத்தாழ நூற்றிப்பத்து கிலோமீட்டர். ஆள் நிறையும்வரை வண்டியை எடுக்க மாட்டார்கள். ரயில் வாங்கப் போகிறேன் என்றதும் பட்டான் டிரைவர், "இதர் ரயில் மாஃபி, பாய்!" என்று, இந்த ஊரில் ரயிலே இல்லையே என்ற அர்த்தத்தில், மசாஃபி மலை வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

கடைக்காரர் ஹமீது பாய், கீழக்கரைக்காரர். ஜும்மா முடிந்து வந்து, எனக்காக ஷட்டரைப் பாதி தூக்கி, பெட்டியை எடுத்து வைத்தார். துறைமுகத்தில் வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு ஜெர்மன் எஞ்சினியர் கொடுத்துவிட்டுப் போனதாம். விலை இருநூறு திர்ஹாம்.

"வாங்கி என்ன செய்வீங்க தம்பி?"

"ஒரு கீறல் விழாம வச்சிருப்பேன் பாய். ஓட்டவே மாட்டேன். லீவுல ஊருக்குக் கொண்டு போய் ஷோகேஸ்ல வச்சிருவேன்" என்றேன் பெருமையாக.

கல்ஃப்காரன் புத்தி அது. டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட நான் இதுவரை கிழித்ததில்லை.

பாய் பெட்டியை மூடிவிட்டார். "அப்ப இது உங்களுக்கு வேணாம். ஓட்டுறவங்களுக்குத்தான் குடுக்கணும்னு அந்த ஆளு சொல்லிட்டுப் போனாரு. நானும் வாக்குக் குடுத்துட்டேன். கலாஸ், பேச்சு முடிஞ்சுச்சு."

முந்நூறு தருகிறேன் என்றேன். அவர் மசியவில்லை. "சரி பாய், ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. பாத்துட்டுப் போயிடுறேன்" என்று கெஞ்சினேன்.

பழைய ஃப்ரிட்ஜுகளுக்கு நடுவே தரையில் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டினோம். பாய் குமிழைத் திருகியதும் முன்விளக்கு எரிந்தது. வண்டி மெல்ல முனகிக்கொண்டு கிளம்பியது. நான் வெள்ளைச் சட்டையோடு அப்படியே குப்புறப் படுத்துவிட்டேன். ஜன்னலுக்குள் குட்டிக் குட்டி சீட்டுகள்! அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

"பாய், நான் கொஞ்சம் ஓட்டட்டா?"

ஆசையில் வேகத்தைக் கூட்டி, வளைவில் வண்டியைக் கவிழ்த்தேன். பக்கவாட்டில் ஒரு கீறல். பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இனிமே இது ஷோகேஸுக்கு ஆகாது. எடுத்துட்டுப் போங்க தம்பி."

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வெள்ளிக்கிழமை மதியம் கடைகள் பூட்டியிருக்கும், நாலு மணிக்கு மேல் போங்கள். ஜெர்மன் பிளக் நம் ரூம் சுவரில் நுழையாது, கையோடு ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது வெள்ளிதோறும் ஷார்ஜா முவைலாவில், எங்கள் ரூமில், கட்டில்களுக்கு அடியில் ரயில்பஸ் ஓடுகிறது. முருகன்தான் ஸ்டேஷன் மாஸ்டர். பெட்டியைப் பிரித்துவிட்டேன், கீறலும் விழுந்துவிட்டது என்று மனைவியிடம் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அவள் கேட்டாள்: "அப்ப போன லீவுக்கு நீங்க கொண்டாந்த டின்னர் செட்டையும் பிரிச்சிரட்டுமாங்க?"