கையைக் காட்டச் சொன்ன தனகோட்டி

தனகோட்டி இறந்த செய்தி வந்தபோது நான் கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் வேர்க்கடலை விதைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். எங்களோடு வேலை செய்த சேகர்தான் போனில் சொன்னான். "சுபேதார் தவறிட்டாருப்பா. டீ குடிச்சிக்கினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்." எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. விதை மூட்டையைக் கடையிலேயே போட்டுவிட்டு வேங்கிக்காலில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். அங்கே நீங்கள் எல்லோரும் தங்கமான மனிதர் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நம் முன்னாள் படைவீரர் சங்க மலருக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி என்னையும் கேட்டீர்கள். எழுதுகிறேன். தங்கம் என்று மட்டும் என் கை எழுதாது.

வடக்கே ஒரு முகாமில் பாராசூட் மடிக்கும் கூடத்துக்கு அவர் பொறுப்பாளர். நான் அங்கே மடிப்பவன். நீண்ட மேசையில் துணியை விரித்து, சுருக்கம் நீக்கி, மடித்துப் பைக்குள் அடக்க வேண்டும். மெல்லிய நைலான் அது. மோதிரம் உரசினால் இழை பிரியும், நகம் பட்டால் கீறும், வேர்வையும் எண்ணெயும் ஊறினால் நாளடைவில் வலுவிழந்துபோகும். இதெல்லாம் எங்களுக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பதை மட்டும் அவர் ஒரு நாளும் நம்பியதில்லை. தினமும் காலையில் வாசலில் நின்றுகொண்டு, "கையக் காட்டு" என்பார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார், நகத்தைப் பார்ப்பார். பல் கிட்டிக்கும் குளிரில் ஒரு நாள் என்னை மட்டும் திருப்பி அனுப்பினார். "தலையில எண்ண ஜாஸ்தி. சோப்பு போட்டுக் கழுவிட்டு வா." கழுவிவிட்டு வந்து நின்றால் தலையை முகர்ந்து பார்த்தார். "இன்னும் கம்மி ஆவணும்" என்றார். மாட்டுச் சந்தையில்கூட யாரும் மாட்டை அப்படிச் சோதிக்க மாட்டார்கள்.

எனக்கு இயல்பிலேயே வேர்வை அதிகம். நெற்றியில் துளி அரும்பினால் மேசையை விட்டு இரண்டடி பின்னால் போய், துடைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். துணியில் ஒரு சொட்டு விழுந்தாலும் போச்சு. நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிட்டு, காய்ந்த பிறகு முதலிலிருந்து மடிக்க வேண்டும். "இன்னாயா, ஒங்க ஊர்ல கெணத்த ஒன் ஒடம்புலயே வெட்டிட்டாங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். சேகர் அதை இந்திக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சிரிக்க வைப்பான். ஒரே மாவட்டத்துக்காரர், விட்டுக்கொடுப்பார் என்று நினைத்தது என் மடத்தனம். விடுப்பில் வந்திருந்தபோது ஒரு பௌர்ணமியன்று, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை பக்கம் எதிர்ப்பட்டார். என் மனைவியிடம் நலம்கூட விசாரிக்கவில்லை. "வூட்லயாவது கைய நல்லா கழுவுறானாம்மா?" என்றார். அவள் பாவம், கழுவுறாருங்க என்று பதில் சொன்னாள்.

அதே விடுப்பில்தான் அவள் கர்ப்பமாக இருந்தாள். சிக்கலான பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கிளம்பும் நாளில் கோயிலில் வேண்டிக்கொண்டு என் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டாள். "கொழந்த பொறக்கிற வரைக்கும் அவுக்காதீங்க" என்றாள். கூடத்தில் கயிறு, கடிகாரம் எதுவும் கூடாது. நான் கயிற்றை முழங்கை வரை ஏற்றி, முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போனேன். கடும் வெயில் காலம். மடிக்க மடிக்க அது மணிக்கட்டுக்கு இறங்கி வேர்வையில் ஊறியது. சாயம் சட்டையைத் தாண்டி வெள்ளைத் துணியில் ஒட்டியது. பொட்டு அளவுதான். அந்த இடத்தை உள்பக்கமாக வைத்து மடித்துவிட்டேன்.

மதியம் அவர் என் சட்டைக் கையைப் பார்த்தார்.

"இன்னாயா இது?"

"சாம்பார் பட்டுடுச்சி சார்."

"துணியில எதுனா பட்டுதா?"

"இல்ல சார்."

என் முன்னால் இருந்த பையைக் காட்டினார். "சரி. நாளைக்கு இத நீயே கட்டிக்கினு குதி."

பையின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு நின்றேன். கூடமே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அவர் பையைப் பிரித்து, மடிப்பு மடிப்பாக எடுத்துக் கறையைக் கண்டுபிடித்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், கயிற்றை வெட்டிப் போட்டார். "ஒம் புள்ளைய சாமி பாத்துக்கும். குதிக்கிறவன நீதான்யா பாக்கணும்." ஒரு வருடம் என்னைத் துணி அலசும் பிரிவில் தள்ளினார். மகள் நல்லபடியாகத்தான் பிறந்தாள். ஆனால் அவள் பிறக்கிற வரை நான் வெறும் மணிக்கட்டோடு ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைத்தேன். அதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை. செத்துவிட்டார் என்பதற்காக இப்போது மன்னிக்கவும் போவதில்லை.

ஆனால் என் கோபம் அதனால் மட்டும் இல்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவர் இன்னொன்றும் கேட்டார். "வேற எதுனா இருக்கா?" நான் "இல்ல சார்" என்றேன். என்னை ஒரு நாளும் நம்பாத மனிதர் அன்று நம்பிவிட்டார். காலையில் நான் மடித்த இன்னும் இரண்டு பாராசூட்டிலும் அதே கறை இருந்தது. அவர் கேட்கும்போது அவை கிடங்கில்தான் இருந்தன. சாயங்காலம்தான் லாரியில் ஏறின.

விபத்து என்று எந்தச் செய்தியும் வரவில்லை. வருகிறதா என்று பல மாதம் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பிய பிறகு இதைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வேங்கிக்காலில் அவர் வீட்டுக் கேட் வரை போனேன். "இன்னாயா?" என்பார். "சும்மா வந்தேன் சார்" என்று திரும்பிவிடுவேன். சொல்லியிருந்தால் நாறடித்திருப்பார். அந்த வசவு எனக்கு வேண்டியிருந்தது. அதைத் தராமலே போய்ச் சேர்ந்துவிட்டார். நீங்கள் யாரும் என்னை அப்படித் திட்ட மாட்டீர்கள், போகட்டும் விடு என்பீர்கள்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது நான் சொன்ன அந்த "இல்ல சார்" மட்டும்தான். அந்த இரண்டையும் முதுகில் கட்டிக்கொண்டு குதித்தவர்கள் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.