மை படாத கட்டைவிரல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். என் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும். நாலு பேர் நடுவில் பேசவும் வராது. கிழமை, தேதியெல்லாம் மறந்துபோகிறது. கண்ணால் பார்த்தது மட்டும் மறக்கவில்லை.

விருத்தாசலத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் கூட்டிப் பெருக்குகிறேன். பெயரை இங்கே எழுதவில்லை, நேரில் கேட்டால் சொல்வேன். அங்கே பீங்கான் வேலையும் ஒரு படிப்பு. வாசலில் ஒரு பெரிய பலகை உண்டு. இனம், நிறம், மொழி பார்த்து யாரையும் இழிவாக நடத்த மாட்டோம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அதைத் தினமும் ஈரத்துணியால் துடைப்பது என் வேலை. துடைக்கும்போது நான் படிப்பேன். வேறு யாரும் நின்று படித்து நான் பார்த்ததில்லை.

போன வருடம் மணிப்பூரிலிருந்து ஒரு பெண் படிக்க வந்தாள். முதல் வாரம் நானே கேட்டுவிட்டேன்.

"எந்த நாடும்மா உனக்கு?"

"இந்தியாதான் ஆயா. உங்க நாடுதான்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. படிக்காத நான் ஒரு தடவை கேட்டு வெட்கப்பட்டேன். படித்தவர்கள் தினமும் கேட்டார்கள். வகுப்பில் அவளுக்குப் பெயரே 'சைனா'தான். டவுன் பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் காலியாகவே வரும். மாசி மகத் தேருக்குப் போனபோது மட்டும் அதே ஊர்க்காரர்கள் அவளைக் கேட்காமலே பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்களாம். உட்காரத்தான் கூச்சம் போல.

பட்டறையில் மண்குவளை செய்தால், மறுநாள் அது கொஞ்சம் இறுகியதும் அடியில் ஊசியால் அவரவர் வகுப்பு எண்ணைக் கீறுவார்கள். சூளையிலிருந்து வந்தபின் எது யாருடையது என்று தெரிய வேண்டுமே. அந்தப் பெண் ஒரு குவளை செய்து வைத்தாள். எண் போடுவதற்குள் காய்ச்சல். மூன்று நாள் விடுதிப் படுக்கையை விட்டு எழவில்லை. கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

இரண்டாம் நாள் பட்டறையைப் பெருக்கும்போது, அவள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் அந்தக் குவளையைக் கவிழ்த்துக் கீறிக்கொண்டிருந்தார்கள். ஒரே சிரிப்பு.

"என்னாம்மா அது?"

"அவளுக்கு முடியலல்ல ஆயா, நாங்களே நம்பர் போட்டு வெக்கிறோம்."

உதவி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

சூளை திறந்த அன்று, வெள்ளை வெளேரென்று வந்த குவளையின் அடியில் 'மேட் இன் சைனா' என்று இங்கிலீஷில் இருந்தது. திருவிழாக் கடைப் பொம்மைக்கு அடியில் இருக்குமே, அதே எழுத்து. வகுப்பே கைதட்டிச் சிரித்தது. அவள் அழவில்லை. புகார் எழுதிக் கொடுத்தாள்.

விசாரிக்க மூன்று மேடங்களைப் போட்டார்கள். அவளே கீறிக்கொண்டு அடுத்தவர் மேல் பழி போடுகிறாள் என்று மேடங்களுக்குச் சந்தேகமாம். பொய்ப் புகார் என்று முடிவானால் பரீட்சை எழுத விட மாட்டோம் என்றார்கள். சுட்ட பீங்கானில் ஊசி இறங்காது. ஈரமண்ணாக இருந்தபோதோ அவள் காய்ச்சலில் கிடந்தாள். எனக்கே தெரிகிற இது, பீங்கானையே பாடமாக நடத்துகிறவர்களுக்குத் தெரியவில்லை.

நான் பார்த்ததை அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் புகாரில் என்னைச் சாட்சி என்று எழுதியதால் கூப்பிட்டார்கள். உட்காரச் சொல்லவில்லை.

"ஆயா, நீ ஒண்ணும் பாக்கலதானே?"

"பாத்தேங்க மேடம். ரெண்டு பேரு கீறுனாங்க."

"வெளையாட்டுக்குப் பண்ணியிருக்கும். சின்னப் பொண்ணுங்க. அதுங்க வாழ்க்கை கெட்டுப்போயிடாதா?"

"அந்தப் பொண்ணும் சின்னதுதாங்களே." தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

டைப் அடித்த ஒரு காகிதத்தை நீட்டினார்கள். ஒரு மேடம் மை டப்பாவைத் திறந்தே வைத்திருந்தார்.

"இதுல கட்டைவெரல வெச்சிட்டுப் போயி வேலையப் பாரு."

காகிதத்தை எடுத்து, விரலை ஓட்டி எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'நான் எதையும் பார்க்கவில்லை. எனக்கு எதுவும் தெரியாது.' மூன்று பேரும் துடைப்பம் பேசியது போல என்னைப் பார்த்தார்கள்.

"ஒனக்குப் படிக்க வருமா?"

"கொஞ்சம் வருங்க."

"சொல்லவே இல்ல?"

"யாரும் கேக்கலீங்களே."

பேனா கேட்டு வாங்கினேன். காகிதத்தின் பின்பக்கம், பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு மேடம் எட்டிப் பார்த்து, "கோழி கெளறுன மாதிரி இருக்குது" என்று சிரித்தார். கோழி கிளறினால்தான் குப்பைக்குள் இருப்பது வெளியே வரும். அது அவருக்குத் தோன்றவில்லை.

போன வாரம் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். சாட்சி யாரும் இல்லாததால் புகார் முடிக்கப்பட்டது, பொய்ப் புகாருக்கு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் ஹால் டிக்கெட் என்று. ஒட்டியது நான் துடைக்கிற அந்தப் பலகைக்குக் கீழேயே.

அவள் என்னைத் தேடி வந்தாள்.

"ஆயா, நீங்க எழுதலயா?"

"எழுதினேம்மா. சத்தியமா எழுதினேன்."

தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. மன்னிப்புக் கடிதம் மட்டும் இன்றுவரை கொடுக்கவில்லை. பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

விசாரித்தது என்ன கிழமை, நான் எத்தனை வரி எழுதினேன் என்பதெல்லாம் நினைவில்லை. படித்தவர்கள் யாராவது போய் அந்த ஃபைலைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். என் காகிதம் அதில் இருக்கிறதா, பின்பக்கம் என் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கம் கைநாட்டு ஏதாவது இருந்தால் அது என்னுடையது இல்லை. என் கட்டைவிரலில் அன்றைக்கு மை படவே இல்லை.