வாய்க்கால் மதகில் சுழன்ற ஐஸ்கட்டி

உமி ஒட்டிய ஐஸ்கட்டியைச் சாக்கில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தால், சட்டை நனைந்து, குளிர் விலாவுக்குள் இறங்கிவிடும். அக்காவைப் பெண் பார்க்க வந்த நாளில், மாங்குளம் சோடாக் கடையில் அதை வாங்கிவர அம்மா என்னையும் பக்கத்துக் காணிப் பாக்கியத்தையும் அனுப்பினார். சர்பத்துக்கு ஐஸ் இல்லாவிட்டால், காட்டை வெட்டிக் குடியேறியவர்களுக்கு ஒரு நாகரிகமும் தெரியாது என்று மாப்பிள்ளை வீட்டார் நினைப்பார்களாம்.

பாதி வழியில் பாக்கியம் நின்றாள். "எடியே, உமியோடை குடுத்தா எங்களுக்கு வெக்கமெல்லோ? கழுவிக் கொண்டு போவம்."

நெல்லோடு வளர்ந்த எங்களுக்கு உமி என்றால் புடைத்துத் தள்ளுகிற குப்பை. அதுதான் ஐஸைக் காக்கிறது என்று தோன்றவே இல்லை. வெயிலில் சுட்ட வாய்க்கால் தண்ணீரில் கழுவி, மதகுச் சீமெந்தில் வைத்ததும் அது வழுக்கியது. பாக்கியம் ஒரு தட்டுத் தட்டினாள். நீளக்கட்டி மெல்லச் சுழன்றது. அகன்ற பக்கம் சரிந்த வெயிலுக்குத் திரும்பும்போது "பளிச்", ஒடுங்கிய பக்கம் வரும்போது மங்கல்.

"பத்துத்தரம் மின்னினது. பத்துச் சுத்து!" என்றாள் பாக்கியம்.

எவரையும் எதிர்த்துப் பேசாத நான் அன்று விடவில்லை. "இல்லை, அஞ்சு. ரெண்டு பக்கமும் அகலம். ஒரு சுத்துக்கு ரெண்டுதரம் மின்னும்."

"வாய் திறவாதவள் இண்டைக்கு வாத்தியார் ஆகிட்டா! இன்னொருக்காச் சுத்திப் பாப்பம்."

திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தும் அந்த வழக்குத் தீரவில்லை. வீட்டில் சாக்கைப் பிரித்தபோது உள்ளே எலுமிச்சங்காய் அளவுதான் இருந்தது. "வெயிலிலை உருகிட்டுது" என்று சொல்லிவிட்டோம். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு மறுபடி மாங்குளத்துக்கு ஓட, வந்தவர்கள் கதிரைகளில் காத்திருந்தார்கள். என்னால் அக்காவின் கலியாணம் குழம்பப்போகிறது என்று நான் குசினிக்குள் நின்று அழுதேன்.

போன கிழமை மகன் கைபேசியில் ஒரு காணொளி காட்டினான். நெப்டியூனுக்கும் அப்பால் பனிக்கட்டி உலகங்கள் சுழல்கின்றனவாம். ஒன்று நாலு மணித்தியாலத்துக்குள் ஒரு சுற்றை முடித்து, அந்த வேகத்திலேயே முட்டைபோல நீண்டுவிட்டதாம். இங்கிருந்து பார்த்தால் வெறும் புள்ளிதான். வெளிச்சம் கூடிக் குறைவதைப் பார்த்தே சுழற்சியை அறிகிறார்கள்; நீளக்கட்டி என்றால் இரண்டு மின்னலுக்கு ஒரு சுற்று.

அப்போ அன்று நான் சொன்னதுதான் சரி! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உடனே அக்காவுக்குக் கைபேசியில் கோல் எடுத்து, மதகில் ஐஸைச் சுற்றி விளையாடிய கதையைச் சொல்லி, இவ்வளவு காலமும் வெயிலின்மேல் போட்டிருந்த பழியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

"எடி விசரி," என்றார் அக்கா, "ஐஸ் நேரத்துக்கு வந்திருந்தா சர்பத்தைக் குடிச்சிட்டு எழும்பிப் போயிருப்பினம். நீங்கள் சுத்தின சுத்திலைதான் நான் யன்னலாலை உன்ரை அத்தானை வடிவாப் பாத்தனான். பிறகுதானே ஓமெண்டனான்!"

இப்போது எல்லா வீட்டிலும் பிரிட்ஜ் இருக்கிறது. ஐஸ் வரும்வரை ஒரு மாப்பிள்ளையை இருத்திவைத்துப் பார்க்க இனி வழியில்லை.