கடலுக்கு முதுகு காட்டியவர்

தொண்ணூறுகளில், கரையைக் கடக்கும் புயல்களின் காற்று வேகத்தை அளக்க எங்கள் பல்கலைக்கழகக் குழு கோவளம் கடற்கரையில் கருவி பொருத்திய ஒரு கம்பம் நட்டிருந்தது. அதற்குக் காவலிருந்தவர் முன்பு மீன்பிடித்தவர். ஒடிசலான உடம்பு, உப்பில் வெளுத்த புருவம். எப்போதும் கடலுக்கு முதுகு காட்டியே உட்காருவார். காற்று எழும்போதெல்லாம், “இப்ப எவ்ளோ சார்?” என்பார். சொன்னால், “அன்னிக்கி இத்தவிட ஜாஸ்தி” என்று உதட்டைப் பிதுக்குவார்.

ஒருமுறை புயல் நேராக எங்கள் மேலேயே வந்தது. பக்கத்துக் கட்டடத்தில் எல்லோரும் ஒதுங்கியிருந்தோம். கருவி அதுவரை காட்டாத வேகத்தைச் சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கவில்லை.

“அன்னிக்கி படகு கவுந்துச்சு. இந்தக் காத்துல தம்பியையும் இஸ்துகினு நீந்தி வந்திருக்க முடியுமா சார்? நான் மட்டுந்தான் கரையேறுனேன்.”

காற்றை அளக்க மட்டுமே தெரிந்த நான், “முடியாதுங்க” என்றேன்.

ஜன்னலில் கடல் தெரிந்தது. அவர் அப்போதும் திரும்பவில்லை.