குலுக்கலில் பெயர் வராதவள்

செம்பாக்கத்தில் புதிதாகத் திறந்த குழந்தைகள் காப்பகத்தில் இடம் கம்மி, கேட்டவர்கள் அதிகம். என்னைப் போன்ற பொருளாதார ஆய்வாளர்களுக்கு இது லட்டு மாதிரி வாய்ப்பு. குலுக்கல் போட்டு, இடம் கிடைத்த தாய்மார்களையும் கிடைக்காதவர்களையும் ஒரு வருடம் கழித்து ஒப்பிட்டால், காப்பகம் இருந்தால்தான் பெண்களால் வேலைக்குப் போக முடிகிறதா என்று தெரிந்துவிடும். காட்டாங்குளத்தூர் கல்லூரியில் என் மாணவர்களுக்கு இதை விளக்கும்போது எனக்கே என் மேல் மதிப்பு கூடும். பலன் தெரிந்தால் இன்னும் காப்பகங்கள் திறப்பதாகப் பேச்சு இருந்தது.

சீட்டு எடுத்தது நான்தான். எங்கள் கீழ் வீட்டுப் பெண்ணின் பெயர் வரவில்லை.

அவளுக்குத் தாம்பரத்தில் ஒரு துணி கம்பெனியில் தையல் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். இரண்டு வயதுப் பெண் குழந்தையை விட இடமில்லை.

"இன்னொரு தரம் குலுக்கக் கூடாதாக்கா?" என்றாள்.

"கூடாதும்மா. கெடைக்காதவங்களும் ஆய்வுக்கு அதே அளவு முக்கியம்."

"முக்கியம்னா, எங்களுக்கு இன்னா செய்வீங்க?"

"ஒரு வருஷம் கழிச்சு வந்து கேள்வி கேப்போம்."

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். மாடி ஏறிய பிறகு வெட்கம் பிடுங்கித் தின்றது.

திங்கட்கிழமை குழந்தை எங்கள் வீட்டுக்கு வந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் கணவர் பகலிலும், கல்லூரி முடிந்து வந்து நானும் பார்த்துக்கொண்டோம். ஆய்வு செய்பவர் இடம் கிடைக்காதவர்களுக்கு உதவக் கூடாது. முதல் வகுப்பிலேயே நான் சொல்லிக்கொடுக்கும் விதி அது. உதவினால் ஒப்பீடே கெட்டுவிடும். தெரிந்தேதான் செய்தேன். தப்பா சரியா என்று அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. கூட ஆய்வு செய்த பேராசிரியரிடம் மூச்சு விடவில்லை.

வருடம் முடிந்து கேள்வித்தாளோடு ஆள் வந்தபோது நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். வேலைக்குப் போகிறேன் என்றாள். குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவர் கேட்டார். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"யாருமில்ல சார். நானே எப்படியோ சமாளிச்சுக்குறேன்."

நான் திரும்பி மாடி ஏறிவிட்டேன்.

முடிவுகள் வந்தன. இடம் கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. காப்பகம் இல்லாமலே பெண்கள் வேலைக்குப் போகிறார்கள் என்று அறிக்கை சொல்லப்போகிறது. அப்படியானால் இன்னொரு காப்பகம் எதற்கு என்று கேட்பார்கள். இவளைப் போல எத்தனை பேர், குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஒரு மாடி வீட்டை மறைத்தார்கள்? இல்லை, நான்தான் என் ஒரு வீட்டை வைத்து ஊரையே சந்தேகப்படுகிறேனா?

அடுத்த நாள் காலை குழந்தையை என்னிடம் கொடுத்தபோது கேட்டாள்: "இந்த வருஷமாவது எங்களுக்கு இடம் கெடைக்குமாக்கா? எத்தினி நாளு உங்களையே தொல்லை பண்றது?"

"நீ உண்மையச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா உங்களுக்குப் பேஜாராயிருக்குமே," என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

அன்று பேராசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். குழந்தையைப் பார்த்துக்கொண்டது நான்தான் என்றும், மற்ற வீடுகளிலும் மறுபடி கேட்க வேண்டும் என்றும் எழுதினேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். சாயங்காலம், குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. ரொம்ப மரியாதையான பதில். மறுபடி கேட்க நேரமில்லை, அந்த ஒரு பெண்ணின் பதிலை மட்டும் நீக்கிவிடுவோம், முடிவு மாறாது, கவலைப்பட வேண்டாம்.

குலுக்கலில் விட்டுப்போனவள் இப்போது ஆய்விலும் இல்லை. ஆறு மணிக்கு வந்து குழந்தையை வாங்கும்போது, இடம் கிடைக்குமா என்று மறுபடி கேட்பாள்.