குடைத்துணிப் பை

குடை பழுதுபார்க்கும் அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. மகள் வேலைக்குப் போன பிறகுதான் மாலைக் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் வாரப் பாடமெல்லாம் தலைக்கு மேலே போனது. கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பேராசிரியை தொழில்முனைவுக் கோட்பாட்டைத் தொடங்கினார். "புதுசா எதையும் கண்டுபிடிக்கணும்னு இல்ல. எல்லாரும் வேண்டாம்னு ஒதுக்கினதை வேற விதமாச் சேர்த்து, விக்குமா விக்காதான்னு தெரியாமலே துணிஞ்சு இறங்குறவங்கதான் தொழில்முனைவோர்."

அக்கா பக்கென்று சிரித்துவிட்டாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"என்னங்க, தப்பா சொல்லிட்டேனா?" என்றார் பேராசிரியை.

"ஐயையோ, இல்ல மேடம்! ஒரு வருஷம் மழையே இல்ல, ரிப்பேருக்கு ஒரு குடைகூட வரல. கிழிஞ்ச குடைத்துணி மூட்டை மூட்டையாக் கெடந்துச்சு. அதுல பை தைச்சு விக்க இறங்கினேன். 'உனக்குக் கிறுக்கா'ன்னாரு வீட்டுக்காரரு. இப்ப அவருதான் ஜிப் வெச்சுத் தர்றாரு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பேராசிரியை புத்தகத்தை மூடிவிட்டு, "முன்னாடி வந்து முழுசாச் சொல்லுங்க," என்றார். எழுந்துபோன அக்கா, மணி அடித்த பிறகும் பேச்சை நிறுத்தவில்லை.

வெளியே வந்ததும் மகளுக்குப் போன் போட்டாள்.

"அடியே, இன்னைக்குப் பாடம் புரிஞ்சிடுச்சு! படிக்கிறதுக்கு முன்னாடியே நான் அதைச் செஞ்சு முடிச்சிட்டேன்டி!"