ஏழாம் நம்பர் மலையில் ஒரு கல்

இலங்கை மலைநாட்டில், நானுஓயா ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றபோது மதியம் மூன்றே முக்கால். பெட்டியை இறக்குவதற்கு முன்பே கழுத்தை நீட்டி வானத்தைத்தான் பார்த்தேன். மேற்கே கொஞ்சம் நீலம் இருந்தது. சூரியன் மறைய இன்னும் இரண்டரை மணி நேரம். போதும் என்று ஓட ஆரம்பித்தேன். துறையூரில் என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அடுப்பில் பாலை வைத்தால் பொங்குவதற்குள் நாலு தடவை எட்டிப் பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் காலையும் மாலையும் சூரியனுக்காகத் தவம் கிடக்கிற பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால் தலையெழுத்து என்றுதான் சொல்ல வேண்டும்.

நுவரெலியா அங்கிருந்து எட்டு கிலோமீட்டர். பஸ்ஸில் போய் இறங்கி, நிலையத்திலேயே ஓர் ஆட்டோவைப் பிடித்தேன். ஓட்டுநர் பெயர் லோகன், நாற்பது வயது இருக்கும். கந்தப்பளைக்கு மேலே மேற்குப் பார்த்த ஒரு வளைவு வேண்டும், ஆறு மணிக்குள் வேண்டும் என்றேன். ஆயிரத்து ஐந்நூறு கேட்டார். சரி என்று ஏறினேன். பேரம் பேசுகிற நேரத்தில் வெளிச்சம் போய்விடும்.

"சார், ஏதும் சாவுக்குப் போறீங்களா? இப்பிடி அவசரப்படுறீங்க?"

"சூரியன் மறையறத போட்டோ எடுக்கணும்."

"அது நாளைக்கும் மறையுமே சார்!"

பேச்சு அப்படியே எங்கள் திருச்சிப் பக்கத்துப் பேச்சு. கடலைத் தாண்டி வந்து இதைக் கேட்பது வேடிக்கையாக இருந்தது.

மாலை 5.50. வளைவுக்கு வந்து டிரைபாடை விரித்தேன். மூன்றாவது காலை இழுத்து நிமிர்ந்தபோது பனி வந்துவிட்டது. வந்தது என்றால் எங்கிருந்தோ மெல்ல வந்து சேரவில்லை. கீழே பள்ளத்திலிருந்து எழும்பி, தேயிலையை, ரோட்டை, லோகனின் ஆட்டோவை, கடைசியில் என் கேமராவை மூடியது. ஆறே முக்கால் வரை நின்றேன். சாம்பல் நிறத்தில் பதினாறு படங்கள் எடுத்தேன். சீசன் என்பதால் நுவரெலியாவில் ஓர் அறைக்குப் பன்னிரண்டாயிரம் சொல்கிறார்கள். அங்கே தங்கினால் விடியலுக்கு முன் இங்கே வந்து சேரவும் முடியாது. நான் புலம்புவதைக் கேட்ட லோகன், "எங்க வீட்டுல முன்னறை சும்மாதான் கெடக்கு. வாங்க, சேந்து சாப்புடுவோம்" என்றார்.

அவர் வீடு இருக்கிற தேயிலைத் தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். கந்தப்பளையைச் சுற்றித் தோட்டங்களுக்குப் பஞ்சமில்லை, தேடிப் பிரயோஜனமில்லை. வீடு என்பது லயத்தில் கடைசி வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகளைத்தான் அங்கே லயம் என்கிறார்கள். லோகனின் மனைவி சரசு கொழுந்து பறிக்கிறார். சுடச்சுட ரொட்டியும், மிளகாய் இடித்துச் செய்த கட்டைச் சம்பலும் கொடுத்தார். காரத்தில் என் கண்ணில் நீர் வந்தது. "பாவம், அண்ணனுக்குச் சூரியன் கெடைக்காத கவலை" என்று சிரித்தார்.

மறுநாள் காலை 5.45க்குக் கிழக்குப் பார்த்த ரோட்டில் நின்றேன். மறுபடியும் பனி. அதோடு ஒரு காவல்காரர் வேறு வந்து, ஆபீஸில் கேட்காமல் கேமரா வைக்கக் கூடாது என்றார். ஆபீஸுக்குப் போனேன். அங்கே மேலாளர் பெரிய தொரை, உதவி மேலாளர் சின்ன தொரை. சின்ன தொரைக்கு முப்பது வயதுகூட இருக்காது. சிங்களவர், தமிழை நிறுத்தி நிறுத்தி, ஆனால் சுத்தமாகப் பேசினார். "எடுங்க. ட்ரோன் வேண்டாம். நல்ல படம் கெடைச்சா எனக்கும் காட்டுங்க" என்றார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

அன்று மாலையும் ஒன்றும் கிடைக்கவில்லை. வெறுத்துப்போய் லயத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். பழைய தகரங்களை அடித்துக் கட்டிய ஒரு கொட்டிலில் சரசு மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். கறுப்பு மாடு, நிறைமாதம், வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தது. நான் கிட்டே போனதும் என் சட்டை மேல் ஒரு தும்மல் போட்டது.

"லெச்சுமிக்கு ஒங்கள புடிச்சிருச்சுண்ணே!"

பிறகு அவரே சொன்னார். மகள் கண்டியில் நர்சிங் படிக்கிறாள். சரசுவின் சம்பளம் சாப்பாட்டோடு சரி, லெச்சுமியின் பால்தான் மகளின் படிப்பு. கன்று போட்டால்தான் இனிப் பால். ஆனால் மாடு தேயிலைக்குள் இறங்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். லெச்சுமி இரண்டு தடவை கயிற்றை அறுத்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்டது.

"மூணாவது தடவ புடிச்சா கொட்டிலப் பிரிச்சிருவோம், மாட்ட வித்துருன்னு பெரிய தொர சொல்லிட்டாங்க. நாலு தலமொறையா இங்கதான் கெடக்கோம். ஒரு மாட்டக் கட்ட நமக்குன்னு ஒரு மொழம் மண்ணு இல்லண்ணே."

கயிறு பலமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். புதுக்கயிறு என்றார்.

மூன்றாம் நாள் காலை 6.05. ரோட்டில் நிற்கிறேன். எனக்குக் கீழே ஏழாம் நம்பர் மலை. அங்கே தேயிலை வயலையே மலை என்றுதான் சொல்கிறார்கள். வழக்கம்போலப் பனி. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன், வந்தேன், லென்ஸைத் துடைத்தேன், மறுபடி நடந்தேன். 6.21க்கு யாரோ போர்வையை உருவியது போலப் பனி விலகியது. ஐயோ, அந்த வெளிச்சம்! தூரத்து மலைகளுக்குப் பின்னாலிருந்து சூரியன் ஏறி வந்து, வரிசை வரிசையாகத் தேயிலையின் தலையில் மட்டும் பொன் பூசிக்கொண்டு போனது. ஏழெட்டுப் படங்கள் எடுத்திருப்பேன். இரண்டு நிமிடத்தில் பனி திரும்ப மூடிக்கொண்டது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தனியாக ரோட்டில் நின்று கையைத் தட்டினேன். அப்போதுதான் பின்னால் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சின்ன தொரை. அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ராமையா கங்காணி, கொழுந்து எடுக்கிறவர்களை மேய்க்கிறவர், லோகனுக்கு அடுத்த வீடு.

"கெடைச்சுதா? காட்டுங்க, காட்டுங்க."

பெருமையாகக் காட்டினேன். அவர் கேமராவைக் கையில் வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, மலையோரம், சூரியன், தேயிலை வரிசை என்று ரசித்துக்கொண்டே கீழே வந்தார். திடீரென்று விரல் நின்றது.

"இது என்ன?"

எட்டிப் பார்த்தேன். தேயிலைக்கு நடுவே கறுப்பாக ஒன்று. பிதுங்கிய வயிறு. லெச்சுமி!

"கல்லு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"கல்லா? ஏழாம் நம்பர்ல நான் தினம் நடக்கிறேன். கல் கெடையாதே."

"வெளிச்சத்துக்கு எதிரா எடுத்தா இப்பிடித்தாங்க. சின்னக் கல்லுகூடப் பெருசாத் தெரியும்." முப்பது வருடக் கேமரா அனுபவத்தை எல்லாம் குரலில் ஏற்றிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. கங்காணி பக்கம் திரும்பினார். கங்காணி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பனியைப் பார்த்தார்.

"இருக்குங்க தொர. ஓரமா ஒரு கல்லு கெடக்கு. ஒங்க கண்ணுல படல போல."

இறங்கிப் பார்க்கலாம் என்றால் நீட்டின கை தெரியாத பனி. மூன்று நாளாக நான் திட்டித் தீர்த்த பனியை அந்த நிமிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். தொரைக்குப் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. பெரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது. வண்டியை உதைத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்குக் காலையில வர்றேன். கங்காணி, அந்தக் கல்லக் காட்டுங்க."

அவ்வளவுதான். வண்டி போனதும் லயத்துக்கு ஓடி நடந்ததைச் சொன்னேன். கொட்டிலில் அறுந்த கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. லோகன் பனிக்குள் இறங்கி லெச்சுமியை ஓட்டிக்கொண்டு வந்தார். சரசு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்குக் கல்லு இல்லன்னா மாடுதான்னு தெரிஞ்சு போகுமே. இந்த லயத்துல வேற யாருகிட்ட மாடு இருக்கு? ஏண்ணே, ஒங்களுக்கு எடுக்க வேற மலையே கெடைக்கலையா?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. அன்று பகல் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரோட்டில் மேலும் கீழும் நடந்தேன். கந்தப்பளை கடைக்குப் போய்ப் பாலில்லாத பிளேன்டீ மூன்று குடித்தேன். திரும்பி வந்து அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன், மூடினேன்.

மாலை நான்கரைக்குக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த கங்காணி, லயத்து வாசலில் நின்று இடுப்பில் கைவைத்தார். "நானும்ல சேந்து பொய் சொல்லிருக்கேன். கல்லுன்னு சொல்லியாச்சு. அப்ப கல்லு இருக்கணும். வாங்க."

போன மழைக்கு மண் சரிந்தபோது உருண்டு வந்த கற்கள் ரோட்டோரம் கிடந்தன. அவற்றில் மாடு படுத்த அளவுக்கு இல்லாவிட்டாலும் ஒரு பெரிய அண்டா அளவில் ஒன்றைத் தேர்ந்தார்கள். அலவாங்கு என்கிற கடப்பாரையைப் போட்டு நெம்பி, பழைய கூரைத் தகரத்தில் ஏற்றி, கயிறு கட்டி, தேயிலைக்கு நடுவிலிருக்கும் பாதை வழியாகக் கீழே இறக்க வேண்டும். லோகனும் இன்னும் நான்கு பேரும் கல்லுக்கு இரண்டு பக்கமும். கங்காணியும் சரசுவும் நானும் மேலே கயிற்றைப் பிடித்தோம். லயத்துப் பெண்கள் ரோட்டில் நின்று, "மெதுவா! மாடு பயந்துக்கப் போவுது!" என்று கத்திச் சிரித்தார்கள். சரசு மட்டும் சிரிக்கவில்லை.

கல் பாதி தூரம் இறங்கியிருக்கும். தேயிலை எல்லாம் திடீரென்று செம்மஞ்சளாக மாறியது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று நாளாக மூடிக்கிடந்த மேற்கு மொத்தமாகத் திறந்திருந்தது. அடடா, அப்படி ஒரு அந்தியை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. கேமரா ரோட்டில், டிரைபாட் மேல், பத்தடி தூரத்தில் நிற்கிறது.

"ஒரே நிமிஷம், ஒரே ஒரு படம்..."

"யோவ் சார், கயித்த விட்டுறாதீங்க! கீழ லோகன் நிக்கிறான்!" என்று அலறினார் கங்காணி.

விடவில்லை. உள்ளங்கை எரிய எரியப் பிடித்துக்கொண்டு, சிவப்பு ஊதாவாகி, ஊதா கறுப்பாகும் வரை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன். கல் போய் உட்கார்ந்தது.

நான்காம் நாள் காலை 6.40. சொட்டுப் பனி இல்லை. சூரியன் பளீரென்று அடித்தது. நான் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. சின்ன தொரை வந்தார், இறங்கினார். கங்காணியும் நானும் பின்னால் போனோம். சரசு ரோட்டிலேயே நின்றுகொண்டார், கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டியபடி.

தொரை கல்லைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். நானும் அப்போதுதான் பகல் வெளிச்சத்தில் அதைப் பார்த்தேன். பாசி எல்லாம் அடிப்பக்கம் இருந்தது. மேலே ஈரச் செம்மண். பாதை நெடுகத் தகரம் இழுத்த தடம், ரோடு வரை, ஒரு குழந்தைகூடக் கண்டுபிடிக்கும்படி. இதை அழிக்க வேண்டும் என்று எட்டுப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தொரை அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டே போய், மேலே ரோட்டில் நின்ற சரசுவைப் பார்த்தார்.

"கல்லுதான்" என்றார்.

காலால் அதை ஒரு தட்டுத் தட்டினார்.

"இங்க கெடந்தா ஆளுங்க கால் தடுக்கும். இன்னைக்கு வேலை முடிஞ்சதும் எடுத்துருங்க கங்காணி. வந்த வழியிலேயே கொண்டு போங்க."

"சரிங்க தொர" என்றார் கங்காணி, தலையை நிமிர்த்தாமல்.

ரோட்டுக்கு ஏறி வண்டியில் உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிட்டார். சரசுவுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "அந்தக் கல்லுகிட்ட சொல்லிருங்க. பெரிய தொர என்ன மாதிரி இல்ல. இன்னொரு தடவ நடந்துபோனா, கல்லுன்னு அவர் நம்பமாட்டார்."

வண்டி வளைவில் மறைந்ததும் சரசு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

மதிய ரயிலுக்குப் போக வேண்டியவன் போகவில்லை. இறக்கின கல்லை ஏற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அன்று சாயங்காலம் என் தோள்பட்டை தெரிந்துகொண்டது. அடுத்த நாள்தான் லோகன் என்னை நானுஓயாவில் கொண்டுவந்து விட்டார். காசு வாங்க மறுத்தார். சட்டைப் பையில் திணித்துவிட்டு ஓடினேன். ரயில் வட்டகொடை தாண்டும்போது ஜன்னலோரம் வெளிநாட்டுக்காரர்கள் தேயிலை மலைகளைப் படமெடுத்துத் தள்ளினார்கள். ஒவ்வொரு மலையிலும் என் கண் கறுப்பாக எதையோ தேடியது.

துறையூரில் மாடு மெயின் ரோட்டுக்கு நடுவில் படுத்திருந்தால் பஸ் வளைந்து போகும். டிரைவர் திட்டுவார், அதோடு சரி. அந்தத் தோட்டத்தில் நாலு தலைமுறையாக மலையை அந்த மக்கள் கையாலேயே பச்சையாக்கியிருக்கிறார்கள். ஒரு மாடு அதில் நாலு வாய் மேய்ந்தால் ஊரே சேர்ந்து கல்லைச் சுமக்க வேண்டியிருக்கிறது. நினைக்க நினைக்கக் கோபம் வருகிறது.

நண்பர்கள் கேட்கிறார்கள், இவ்வளவு செலவழித்துப் போய்ப் பனியையா எடுத்துக்கொண்டு வந்தாய் என்று. ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஒரு படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. எழுத்து என்றால் கதை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், படம் சாட்சி சொல்லிவிடும். என் மனைவிக்கு மட்டும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தேயிலைக்கு நடுவுல அது என்னங்க, மாடா?" என்றாள்.

"கல்லு" என்றேன்.